லாட்கே சுடுவது எப்படி: ஹனுக்காவின் உருளைக்கிழங்குப் பண்டம், முழுச் செய்முறை

யூதர்களின் ஹனுக்காப் பண்டிகையில் துருவிய கிழங்கைத் தட்டிப் பொரிக்கும் லாட்கே என்றதும் எல்லாரும் உருளைக்கிழங்கில் தொடங்குவார்கள். எண்ணெயில் தொடங்குவதுதான் முறை. இந்தப் பண்டத்துக்குள் கிழங்கு பிந்தி வந்தது, எண்ணெய் முதலிலிருந்தே இருக்கிறது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் கிளர்ந்தெழுந்து ஆலயத்தை மீட்டு, கி.மு. 164 வாக்கில் அதைத் தூய்மை செய்து மறுபடி அர்ப்பணித்தார்கள். ஆலய விளக்குக்கு ஏற்ற தூய ஒலிவ எண்ணெய் ஒரு நாளுக்கு மட்டுமே மிஞ்சியிருந்தது, அது எட்டு நாள் எரிந்தது என்கிறது யூதர்களின் சட்டநூலான தல்மூத். அதனால்தான் ஹனுக்காவில், யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு இரவு விளக்கேற்றுகிறார்கள், எண்ணெயில் பொரித்ததைத் தின்கிறார்கள். நம் நாட்காட்டியில் இது நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவில் தொடங்கும். எண்ணெயை மிச்சம் பிடித்து, ஒட்டாத தவாவில் இரண்டு சொட்டு விட்டு லாட்கே வார்ப்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். எண்ணெய் பயமாக இருந்தால் வேறு நாளில் வேறு பண்டம் செய்யலாமே.

கிழங்கின் கதை இன்னும் சுவையானது. ஆண்டிஸ் மலைப் பயிரான அது 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கிழக்கு ஐரோப்பாவின் ஏழைகளுக்கு அன்றாடச் சோறாக மாற 19ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. அதற்கு முன்னால் ஹனுக்காவுக்குச் சுட்ட பண்டங்கள் பல. இத்தாலிய யூதர்கள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியில் சுட்டார்கள். அதற்கும் ஒரு காரணக்கதை உண்டு. யூதித்து என்ற பெண் எதிரிப் படைத்தலைவனுக்கு உப்புப் பாலாடைக்கட்டி ஊட்டி, தாகம் எடுத்ததும் மதுவை ஊற்றி, போதையில் அவன் சாய்ந்ததும் தலையைச் சீவினாள் என்று இடைக்காலத்தில் ஒரு கதை பரவியது. வடக்கே பக்வீட் என்ற தானியத்தின் மாவிலும் டர்னிப்பிலும் சுட்டார்கள். லித்துவேனியா, பெலாரஸ், போலந்து, உக்ரைன் ஆகிய இடங்களில் உறைபனிக் காலத்தில் மலிவாகக் கையில் இருந்தது கிழங்கும் வெங்காயமும். ஒலிவ எண்ணெய் அங்கே எட்டாக்கனி. குளிர்காலம் தொடங்கும்போது கொழுத்த வாத்துகளை வெட்டி உருக்கி வைத்த கொழுப்பே அவர்களுக்கு எண்ணெய். அந்தக் கொழுப்பில் பொரித்த கிழங்கே இன்று நாம் 'பாரம்பரிய லாட்கே' என்று சொல்வது.

அக்கம்பக்கத்தாரும் இதையேதான் சுட்டார்கள். பெலாரஸில் திரானிக்கி, போலந்தில் பிளாட்ஸ்கி, ஜெர்மனியில் கார்டோஃபெல்பூஃபர். யூத வீட்டில் அது பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது, கோஷர் என்ற யூத உணவு விதிகளுக்கும் உட்பட்டது. எல்லா யூதர்களும் லாட்கே தின்பவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். இது அஷ்கெனாசிகள், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய வழியில் வந்தவர்களின் பண்டம். துருக்கி, கிரேக்க வழி செபார்டிகள் பாகில் ஊறும் பிமுவேலோஸ் பொரிக்கிறார்கள். இஸ்ரேலில் இப்போது ஜாம் அடைத்த சுஃப்கனியா என்ற டோனட் கடைகளைப் பிடித்துவிட்டது. கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்குச் சுட்டது நமக்கு நன்றாகத் தெரிந்த நெய்யப்பம்.

இனி அடுப்படிக்குப் போவோம்.

என்னென்ன வேண்டும்

நான்கைந்து பேருக்கு, உள்ளங்கை அளவில் 18 முதல் 20 லாட்கே வரும்:

உருளைக்கிழங்கு 1 கிலோ
பெரிய வெங்காயம் 1 (ஏறத்தாழ 200 கிராம்)
முட்டை 2
மாட்சா தூள் 4 மேசைக்கரண்டி
உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி
மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி
பொரிக்க எண்ணெய் அரை லிட்டர் (முழுவதும் செலவாகாது)
இருந்தால், உருக்கிய கோழிக்கொழுப்பு 3 மேசைக்கரண்டி

இவ்வளவே. பூண்டு, மல்லித்தழை, பச்சை மிளகாய் சேர்த்தால் ருசி கெடாது. ஆனால் அது வேறு பண்டம். பேக்கிங் பவுடரும் சிலர் போடுகிறார்கள், அதற்கு இங்கே வேலையில்லை.

கிழங்கைப் பார்த்து வாங்குங்கள். மாவுச்சத்து கூடிய, ஈரம் குறைந்த கிழங்கு வேண்டும். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு ரசெட், பிரிட்டனில் மாரிஸ் பைப்பர். இந்தியாவில் சிப்ஸ் தொழிலுக்கென்றே உருவாக்கப்பட்ட குஃப்ரி சிப்சோனா வகை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ரகத்தின் பெயர் கடைக்காரருக்கே தெரியாத இடத்தில் ஒரே வழி, பழைய கிழங்கு. தோல் தடித்து, விரல் நகத்தால் சுரண்டினால் உரியாத கிழங்காக இருக்க வேண்டும். தேய்த்தாலே தோல் கழன்று வரும் புதுக்கிழங்கில் தண்ணீர்தான் அதிகம், அது பொரியலுக்குப் போகட்டும். பச்சை படர்ந்ததையும் முளைவிட்டதையும் ஒதுக்குங்கள்.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருத்து, கசப்பும் தட்டும். நிறத்தை நம்பிச் சுடும் பண்டத்தில் நிறமே பொய் சொன்னால் என்ன செய்வது?

மாட்சா தூள் என்பது பாஸ்கா பண்டிகையில் உண்ணும் புளிப்பில்லா அப்பத்தைப் பொடித்தது. மாவை ஏற்கெனவே சுட்டுப் பொடித்திருப்பதால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், பசை தட்டாது. பாஸ்கா நாட்களில் சாதாரண மாவு கூடாது, மாட்சா தூள் கூடும் என்பதால் இதே லாட்கே அப்போதும் சுடப்படுகிறது. கிடைக்காதவர்கள் இனிப்பில்லாத ரொட்டித்தூள் போடலாம். பேக்கரி ரஸ்க்கைப் பொடித்துப் போட நினைத்தால் முதலில் ஒரு கடி கடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அது இனிக்கும். மைதா கடைசித் தேர்வு. இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் லாட்கே ரப்பராகும்.

முட்டையை நேரே கலவையில் உடைக்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது யூத வீட்டு வழக்கம். மஞ்சள் கருவில் ரத்தப்புள்ளி இருந்தால் அந்த முட்டை கூடாது. கெட்ட முட்டை ஒன்று மொத்தத்தையும் நாசமாக்காமல் இருக்க, எந்த வீட்டுக்கும் ஆகிவருகிற பழக்கம்தான்.

கொழுப்பும் எண்ணெயும்

சூரியகாந்தி, சுத்திகரித்த கடலை எண்ணெய் இரண்டும் பொருந்தும். செக்கில் ஆட்டிய எண்ணெய் எதுவானாலும் தன் வாசத்தைத் தூக்கி முன்னால் வைக்கும், வேண்டாம். ஒலிவ எண்ணெயில்தான் பொரிப்பேன் என்பவர்கள் சுத்திகரித்த வகையை எடுங்கள். முதல் பிழிவு எண்ணெயின் காரமும் கசப்பும் கிழங்குக்கு ஒத்துவராது.

பழைய ருசி வேண்டுமானால் எண்ணெயோடு கொஞ்சம் ஷ்மால்ட்ஸ் சேர்க்க வேண்டும். உருக்கிய வாத்து அல்லது கோழிக்கொழுப்புக்குத்தான் அந்தப் பெயர். கடைக்காரர் உரித்துக் கழிக்கும் கோழித்தோலையும் அதோடு வரும் மஞ்சள் கொழுப்பையும் கால் கிலோ கேட்டு வாங்குங்கள். கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, கால் டம்ளர் தண்ணீரோடு அடிகனமான பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றும்போது கொழுப்பு இறங்கத் தொடங்கும். முக்கால் மணி நேரத்தில் தோல் சுருங்கிப் பொன்னிறத்துக்கு வரும். அப்போது ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, அது சிவந்ததும் வடிகட்டுங்கள். வடிகட்டியில் நிற்கும் மொறுமொறுத் தோலுக்கு கிரிபெனெஸ் என்று பெயர். உப்புத் தூவி வைத்தால் லாட்கே வருவதற்குள் தட்டு காலியாகிவிடும். முழுக்க ஷ்மால்ட்ஸிலேயே பொரிப்பது என் நாக்குக்குக் கனமாகப் படுகிறது. எண்ணெயில் மூன்று கரண்டி கலந்தாலே வாசம் வீடு முழுக்க நிற்கும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கோஷர் விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேராது. கோழிக்கொழுப்பில் சுட்ட லாட்கேக்குத் தொட்டுக்கொள்ளப் புளித்த க்ரீம் வைக்க முடியாது. ஆப்பிள் மசியலா, க்ரீமா என்று யூத வீடுகளில் நடக்கும் ஓயாத வழக்குக்குப் பின்னால் இந்த விதி நிற்கிறது. ஆப்பிள் எதோடும் சேரும். க்ரீம் வேண்டுமென்றால் தாவர எண்ணெயில் சுட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் இதை வியாபாரமாகவே பார்த்தார்கள். 1911இல் சந்தைக்கு வந்த கிரிஸ்கோ என்ற தாவரக் கொழுப்பைப் பாலும் அல்ல, இறைச்சியும் அல்ல என்று யூத இல்லத்தரசிகளிடம் விற்றார்கள். 1933இல் அஷ்கெனாசிகளின் மொழியான இத்திஷிலும் ஆங்கிலத்திலும் அவர்களுக்கென்றே ஒரு சமையல் புத்தகமும் வந்தது.

துருவுவது

முதலில் தொட்டுக்கொள்ளும் மசியலைச் செய்து முடித்துவிடுங்கள் (செய்முறை கடைசியில்). கிழங்கைத் துருவிவிட்டால் பிறகு வேறு எதற்கும் நேரம் கிடைக்காது. காற்றுப் பட்டதும் அது சிவக்கும், பிறகு சாம்பல் நிறமாகும். எண்ணெயை வாணலியில் ஊற்றித் தயாராக வைத்துவிட்டுத்தான் துருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

தோல் சீவிய முழுக் கிழங்கைத் தண்ணீரில் போட்டு வைக்கலாம், கெடுதல் இல்லை. துருவிய பிறகு மட்டும் தண்ணீர் கூடவே கூடாது. சிப்ஸ் போடும்போது அலசுவதுபோல அலசிவிட்டால், லாட்கேயைப் பிடித்து நிறுத்த வேண்டிய மாவுச்சத்து சாக்கடைக்குப் போய்விடும்.

நான்கு பக்கத் துருவியின் பெரிய துளைப் பக்கத்தை எடுங்கள். கிழங்கை நீளவாக்கில் பிடித்து, மேலிருந்து கீழாக நீண்ட இழைகள் விழும்படி துருவுங்கள். நீண்ட இழைதான் ஓரங்களில் சிலிர்த்து நின்று மொறுமொறுப்பைத் தரும். இரண்டு கிழங்கு, கொஞ்சம் வெங்காயம், மறுபடி இரண்டு கிழங்கு என்று மாற்றி மாற்றித் துருவினால் வெங்காயச் சாறு கிழங்கின் மேல் படிந்து கருப்பதைத் தாமதப்படுத்தும். கண்ணீர் வரும், துடைத்துக்கொண்டு தொடர வேண்டியதுதான்.

பெரிய துருவலா, சின்னத் துருவலா என்பது அடுத்த வழக்கு. பெலாரஸ், லித்துவேனியப் பக்கத்து வீடுகளில் துருவியின் முள் பக்கத்தில் தேய்த்துக் கூழாக்குவார்கள். அந்த லாட்கே மெத்தென்று இருக்கும், நடுவில் கிழங்கின் மணம் கூடும். அமெரிக்க வீடுகளில் இப்போது இழை இழையாகத் தெரியும் லாட்கேதான் பிரபலம். என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே: முக்கால் பங்கு பெரிய துளையில், கால் பங்கு முள் பக்கத்தில். கூழ் பசையாகி இழைகளைப் பிடித்துக்கொள்ளும், மாவைக் குறைக்கலாம். முட்டை சேர்க்காதவர்களுக்கு இந்தக் கலவைதான் வழி. அவர்கள் கூழின் பங்கை மூன்றில் ஒன்றாக ஏற்றி, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃபிளவர்) சேர்த்து, லாட்கேயைச் சற்றுச் சிறிதாக வார்க்கலாம். திருப்பும்போது பதமாகத் திருப்ப வேண்டும். மற்றபடி ருசியில் குறையில்லை.

மின் துருவி இருந்தால் நேரம் மிச்சம். ஆனால் அரைக்கும் பிளேடை ஓட்டிவிடாதீர்கள், துருவும் தட்டுதான் வேண்டும். கையால் துருவுபவர்கள் கடைசித் துண்டோடு மல்லுக்கட்டி விரல் முட்டியைக் கொடுக்க வேண்டாம். அந்தத் துண்டைக் கத்தியால் பொடியாக அரிந்து சேர்த்தாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பிழிவது

லாட்கேயின் வெற்றி தோல்வி இங்கேதான் முடிவாகிறது. கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை எண்ணெயில் இறக்கினால் எண்ணெயின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகும். மேற்பரப்பு காய்ந்தால்தான் சிவக்கும், அது காயவே காயாது. இழைகள் அவிந்து, எண்ணெய் குடித்து, சவசவவென்று கிடக்கும். லாட்கே சரியாக வரவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் பிழிந்தது போதாதவர்களே.

மெல்லிய, பழகிய வேட்டித் துணி இதற்கு உத்தமம். சோப்பு மணமோ வாசனைத் திரவத்தின் மணமோ இல்லாத துணியாக இருக்கட்டும். துருவலை மூன்று பங்காகப் பிரியுங்கள், ஒரே மூட்டையாகக் கட்டினால் நடுவில் இருப்பது பிழிபடாது. ஒரு பங்கைத் துணியில் வைத்து முனைகளைச் சேர்த்து, அகலமான பாத்திரத்தின் மேல் பிடித்து முறுக்குங்கள். சாறு ஓடுவது நின்றதும் அவிழ்த்து, துருவலைக் கிளறிவிட்டு, மறுபடி முறுக்குங்கள். இரண்டாம் முறையில் வருவது உங்களையே வியக்க வைக்கும். கையில் எடுத்தால் துருவல் உதிரியாக இருக்க வேண்டும், விரலில் ஈரம் படிந்தால் போதும், சொட்டக் கூடாது.

பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்! ஐந்து முதல் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே செம்பழுப்புத் தண்ணீரும் அடியில் கெட்டியான வெள்ளை மாவும் பிரிந்து நிற்கும். தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். அடியில் படிந்திருப்பது கிழங்கின் சொந்த மாவுச்சத்து, இது பிழிந்த துருவலுக்கே திரும்பிப் போக வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டுச் சத்தைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே இந்தப் பண்டத்தின் ரகசியம். எந்த மாவும் இதைப்போலப் பிடிக்காது, கிழங்கின் ருசியைக் கெடுக்காமல் இருக்கவும் செய்யாது. படிவு நன்றாக வந்திருந்தால் மாட்சா தூளை மூன்று மேசைக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கலப்பது

படிந்த மாவைக் கரண்டியால் உடைத்து, அதன் மேல் அடித்த முட்டை, மாட்சா தூள், மிளகு போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பிறகு துருவலைச் சேர்த்துக் கையால் பிரட்டுங்கள். பிசைய வேண்டாம். எல்லா இழையிலும் கலவை பூசியிருந்தால் போதும்.

உப்பு கடைசியில், எண்ணெய் சூடாகிக்கொண்டிருக்கும்போது. உப்புப் பட்டதும் கிழங்கு மீதித் தண்ணீரை விடத் தொடங்கும். முன்கூட்டியே உப்புப் போட்டு அரைமணி வைத்தால், கஷ்டப்பட்டுப் பிழிந்ததெல்லாம் வீண்.

கலவை வடை மாவுபோல உருட்டும் பதத்தில் வராது, வரவும் கூடாது. உதிரியாக, அழுத்தினால் மட்டும் சேர்ந்து நிற்கும்படி இருக்கும். பயந்து இன்னும் மாவு கொட்டுகிற தருணம் இது. கொட்டாமல் முதலில் ஒன்றைச் சுட்டுப் பாருங்கள்.

பொரிப்பது

வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் அதுவே நல்லது. லாட்கே விழும்போது சூடு சட்டென்று இறங்காது. தட்டையான அடி வேண்டும், குழிந்த கடாயில் நடுவில் ஆழமும் ஓரத்தில் வறட்சியுமாக இருக்கும். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் நிற்கட்டும். லாட்கேயின் பாதி உயரத்துக்கு வந்தால் சரி, முழுக்க மூழ்க வேண்டியதில்லை.

வெப்பமானி இருந்தால் 180 டிகிரி செல்சியஸ். இல்லாதவர்கள் ஓர் இழையைப் போட்டுப் பாருங்கள். உடனே குமிழி சூழ்ந்து மிதந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பொன்னிறமாக வேண்டும். குமிழி மெதுவாக வந்தால் காத்திருங்கள். எண்ணெய் புகைந்தால் வாணலியை இறக்கி வையுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்று. அது ருசி பார்க்க. உப்பு, மிளகு போதுமா, பிடிப்பு இருக்கிறதா என்று அதில் தெரியும். பிரிந்து போனால் ஒரு கரண்டி மாட்சா தூள், சப்பென்றிருந்தால் உப்பு. கிழங்கு உப்பை விழுங்கும் பொருள், பெரும்பாலும் உப்பு ஏற்றத்தான் வேண்டியிருக்கும்.

பிறகு இரண்டு மேசைக்கரண்டி அளவு எடுத்து, கையில் லேசாக அழுத்தி ஈரத்தை மறுபடி வடித்து, எண்ணெயில் மெல்ல நழுவ விட்டு, தோசைத் திருப்பியின் முதுகால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். வட்டம் பிசகியிருந்தால் இருக்கட்டும். ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் இழைகள்தான் முதலில் சிவந்து நறுக்கென்று கடிபடும். அச்சு வைத்து வட்டமாக வெட்டிய லாட்கேயைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

ஒரு தடவைக்கு நான்கு, பெரிய வாணலியானால் ஐந்து. நெருக்கிப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கும், எல்லாமே எண்ணெய் குடிக்கும். போட்டதும் தொடாதீர்கள். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரம் ஆழ்ந்த பொன்னிறமாகி, அசைத்தால் தானாக நகரும். அதற்கு முன் திருப்பினால் பாதி வாணலியோடு நிற்கும். திருப்புவது ஒரே முறை, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக. அடுத்த பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். வெளியே சிவந்து உள்ளே பச்சைக்கிழங்கு வாடை அடித்தால் தீ அதிகம், அல்லது லாட்கே கனம். வெளுத்து எண்ணெய் வழிந்தால் தீ குறைவு.

அடுத்தடுத்த ஈடுகளில் கவனிக்க வேண்டியது இரண்டு. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு கைப்பிடியையும் பிழிந்தே போட வேண்டும். எண்ணெயில் உதிர்ந்த இழைகள் கருகும், அவற்றைச் சல்லடைக் கரண்டியால் வாரிவிடாவிட்டால் கசப்பு எல்லாவற்றுக்கும் பரவும். எண்ணெய் குறைந்தால் ஊற்றலாம், ஊற்றிய பின் மறுபடி காயும்வரை பொறுக்க வேண்டும்.

எடுத்ததைக் காகிதத்தின் மேல் அடுக்க வேண்டாம். அடுக்கினால் கீழே உள்ளது ஆவியில் நமத்துவிடும். தட்டின் மேல் கம்பி வலை வைத்து, ஒற்றை வரிசையாக நிறுத்தி, சூடு ஆறுமுன் மேலே ஒரு சிட்டிகை உப்பு. ஓவன் இருந்தால் 100 டிகிரியில் வலையோடு உள்ளே வைக்கலாம், அரைமணிக்குத் தாங்கும். உண்மையில் நல்ல லாட்கே வாணலியிலிருந்து நேரே தட்டுக்குப் போகிறது. சுடுபவர் மட்டும் உட்கார முடியாது. பாதியில் கரண்டியைக் கை மாற்றிக்கொள்ள வீட்டில் ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள்.

ஹனுக்காவில் ஒரு வெள்ளிக்கிழமையாவது கட்டாயம் வரும். அன்று மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், விதியைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் அன்று சூரியன் மறையுமுன் சுட்டு முடித்துவிடுவார்கள்.

தொட்டுக்கொள்ள

ஆப்பிள் மசியல் எளிது. புளிப்பும் இனிப்பும் கலந்த ஆப்பிள் ஒரு கிலோ, தோல் சீவித் துண்டுகளாக்கி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு பட்டைத் துண்டோடு மூடி வேகவையுங்கள். இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். பட்டையை எடுத்துவிட்டுக் கரண்டியால் மசித்து, ருசி பார்த்து, தேவையென்றால் மட்டும் சர்க்கரை. நம் சந்தையில் அதிகம் வரும் சிவப்பு ஆப்பிள் வெறும் இனிப்பு, அதற்கு எலுமிச்சையைக் கூட்டுங்கள். பச்சை ஆப்பிள் இரண்டைக் கலந்தால் இன்னும் நல்லது. மசியலில் புளிப்பு இல்லாவிட்டால் எண்ணெயின் கனத்தை எதிர்கொள்ள ஆளில்லை.

புளித்த க்ரீம் கிடைக்காத இடத்தில், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்ததும் இரண்டு கரண்டி க்ரீமோடு அடித்து, உப்புத் தூவிப் பரிமாறலாம். வழக்கில் நான் எந்தப் பக்கம் என்றால் தயிர்ப் பக்கம், மறுக்க யாருக்கும் உரிமையுண்டு. லாட்கேயை வைத்து வாதாடுவது யூதர்களுக்குப் புதிதல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1946 முதல் பேராசிரியர்கள் மேடையேறி, லாட்கே உயர்ந்ததா, பூரிம் பண்டிகையின் முக்கோணப் பண்டமான ஹமந்தாஷ் உயர்ந்ததா என்று முழு ஆய்வுக் கம்பீரத்தோடு பட்டிமன்றம் நடத்திவருகிறார்கள்.

முன்கூட்டிச் செய்ய

விருந்துக்கு முந்தைய நாள் கலவையைச் செய்து வைக்க நினைக்காதீர்கள், கருத்து, நீர்த்துப் போகும். பொரித்து வைப்பதுதான் வழி. பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்து, முழுக்க ஆறவிட்டு, தட்டில் ஒற்றை வரிசையாக உறையவைத்து, பிறகு பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஒரு மாதம் தாங்கும். பரிமாறும்போது இளக விடாமல் அப்படியே 220 டிகிரி ஓவனில் கம்பி வலை மேல் வைத்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஏர்பிரையரிலும் நன்றாக வரும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், நமத்துப் போகும். மீந்த எண்ணெய் ஆறியதும் துணியில் வடிகட்டி வைத்தால் அடுத்த நாள் இரவுக்கு ஆகும். அடர்ந்து நுரைத்தாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள்.